அகராதியில் பக்கத்து வீடு, ஆனால் உறவா?

கே: ஓடாமல் நிற்கும் வண்டியும் ஸ்டேஷனரி, பேனா பென்சிலும் ஸ்டேஷனரி. எதற்கு எந்த எழுத்து என்று ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறேன் சார்.

ப: 'என்'னுக்கும் 'ஆர்'க்கும் நடுவில் 'ஏ' வந்தால் அசையாமல் நிற்பது. 'ஈ' வந்தால் எழுதுபொருள். 'பேப்பர்' என்ற சொல்லும் 'ஈ, ஆர்' என்றுதானே முடிகிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். இடைக்கால ஐரோப்பாவில் தெருத்தெருவாகக் கூவி விற்காமல், ஒரே இடத்தில் கடை போட்டு உட்கார்ந்தவர் ஸ்டேஷனர். அப்படி உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானோர் புத்தக வியாபாரிகள். அவர்கள் கடைச் சரக்குக்கே பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கே: டிஸ்கிரீட் என்றால் 'தனித்தனியான' என்று ஒருவர் சொல்கிறார், 'வாயைக் காக்கத் தெரிந்த' என்று இன்னொருவர். யார் சொல்வது சரி?

ப: இரண்டு பேருமே சரி. ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு சொற்கள் அவை. இரண்டு 'ஈ' ஒட்டி நின்று அப்புறம் 'டீ' வந்தால், ரகசியம் காக்கிற ஆள். 'டீ' நடுவே புகுந்து இரண்டு 'ஈ'யையும் பிரித்துவிட்டால், தனித்தனியானது. கணிதத்தில் வருவது பின்னது.

கே: நண்பனுக்கு ஒரு சிபாரிசுக் கடிதத்தில் 'இன்ஜென்யூவஸ்' என்று புகழ்ந்திருக்கிறேன். புத்திசாலி என்றுதானே அர்த்தம்?

ப: அனுப்பிவிட்டீர்களா? இல்லையென்றால் உடனே திருத்துங்கள். நீங்கள் நினைத்தது இன்ஜீனியஸ், புதிது புதிதாக யோசிக்கிறவர். நீங்கள் எழுதியிருப்பதோ வெள்ளந்தி, சூதுவாது தெரியாதவர். திட்டு இல்லைதான், ஆனால் வேலை கொடுப்பவர் யோசிப்பார். இதில் ஒரு கூத்து உண்டு. 'இன்ஜெனியூட்டி' என்ற பெயர்ச்சொல் பிறந்தது வெள்ளந்தியின் வீட்டில். பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது அதற்குப் புத்திக்கூர்மை என்றுதான் பொருள். 2021இல் செவ்வாயில் பறந்த நாசாவின் குட்டி ஹெலிகாப்டருக்கு வைத்த பெயரும் அதுதான்.

கே: பாலைவனத்துக்கு எத்தனை 'எஸ்'?

ப: ஒன்று. சாப்பாடு முடிந்து வரும் இனிப்புக்கு இரண்டு.

கே: ஐலண்ட், ஐல் இரண்டுக்கும் தீவு என்றுதான் பொருள், அகராதியிலும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே வேர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ப: பழைய ஆங்கிலப் பண்டிதர்களும் உங்களைப் போலத்தான் நினைத்தார்கள்! ஐல், லத்தீன் 'இன்சுலா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஐலண்ட் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், அதில் 'எஸ்' இருந்ததே இல்லை. உறவு என்று நம்பிப் பிற்காலத்தில் செருகிவிட்டார்கள். வாயில் வராத அந்த எழுத்தை இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கே: உறவில்லாததை எல்லாம் பிறகு ஏன் சேர்த்து வைக்கிறார்கள்?

ப: தேடுகிற வசதிக்குத்தான். அதுவும் ஒரு காலத்தில் பழக்கமில்லாத விஷயம். 1604இல் ராபர்ட் காட்ரி ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் முதல் அகராதியை வெளியிட்டபோது, எழுத்து வரிசையை முதலில் பாடம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று வாசகருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நம் நிகண்டுகளும் சொற்களைப் பெரும்பாலும் பொருள்வாரியாகத்தான் செய்யுளில் கட்டிவைத்தன. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி எழுத்து வரிசைக்கு வந்தது. அதன் நான்கு பகுதிகளில் ஒன்றான தொடையகராதி, எதுகைச் சொற்களுக்கென்றே அமைந்தது. செய்யுள் கட்டுகிறவருக்கு அந்த அக்கம்பக்கம்தான் தேவை.