மிசிசிப்பி ஆறும் சூப்பர் ஹீரோக்களும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கோடை விடுமுறைப் பயணங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில், வெளிநாட்டுத் தீம் பார்க்குகளில் வரவிருப்பதாகப் பேசப்படும் சூப்பர் ஹீரோ சவாரிகளைப் பற்றிய கேள்விகளே மிகுதி. கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களிலிருந்து வந்தவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்: ஸ்பைடர்மேன், ஹல்க் போன்ற நாயகர்களைப் படைத்த மார்வெல் நிறுவனத்தை டிஸ்னி வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் ஸ்பைடர்மேன் சவாரி வரப்போகிறது என்று ரசிகர்கள் எழுதுவதும், அது வராமலே போவதும் ஏன் தொடர்கின்றன?

தாங்கள் கேட்டிருப்பது ஒட்டுமொத்த விவகாரத்தின் ஆணிவேர் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். டிஸ்னி மார்வெலை வாங்கியது 2009இல். ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1994இல், யுனிவர்சல் பூங்காக்களின் அன்றைய உரிமையாளரான எம்.சி.ஏ. நிறுவனம் மார்வெலுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த ஒப்பந்தத்தின் பலனாகத்தான் 1999ஆம் ஆண்டு மே மாதம் ஒர்லாண்டோவில் திறக்கப்பட்ட ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்காவில் மார்வெல் நாயகர்களுக்கென ஒரு தனித் தீவே அமைந்தது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே, யுனிவர்சல் பயன்படுத்திவரும் மார்வெல் பாத்திரங்களை வேறு எந்தத் தீம் பார்க்கும் பயன்படுத்தக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் முக்கிய விதி. புளோரிடா அந்த ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிறது. கலிபோர்னியா மேற்கே இருக்கிறது.

நம் பக்கத்து வழக்கில் சொன்னால், பொள்ளாச்சியில் ஒருவர் தென்னந்தோப்பை விலைக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய உரிமையாளர் ஏற்கெனவே குத்தகை எழுதிக் கொடுத்திருந்தால், பத்திரம் யார் பெயரில் மாறினாலும் குத்தகைதாரர் காய் வெட்டுவதைத் தடுக்க முடியாது. டிஸ்னி வாங்கியதும் அத்தகைய குத்தகைத் தோப்புதான்.

ஒப்பந்தத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தடை ஒரு பாத்திரத்தோடு நிற்பதில்லை. அது அந்தப் பாத்திரத்தின் ‘குடும்பம்’ முழுவதற்கும் நீளும். ஹல்க் யுனிவர்சலிடம் இருந்தால் அவென்ஜர்ஸ் கூட்டத்தைச் சேர்ந்த மற்றவர்களும் புளோரிடா டிஸ்னிக்குக் கிடைக்கமாட்டார்கள். யுனிவர்சல் தொடாத குடும்பம் ஒன்று இருந்தால் மட்டுமே வழி பிறக்கும். கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி அப்படிப்பட்ட குடும்பம். அதனால்தான் 2022ஆம் ஆண்டு மே மாதம் புளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ‘காஸ்மிக் ரீவைண்ட்’ என்ற ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. அதன் பெயரில் கார்டியன்ஸ் உண்டு, ‘மார்வெல்’ என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே அடுத்த முறை ஓர் ஊகத்தைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பூங்கா ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது? அந்த நாயகர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்? இந்த இரண்டிலேயே பெரும்பாலான ஊகங்கள் உதிர்ந்துவிடும். அமெரிக்க ரசிகர்கள் இந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகளையே எடுத்துக்காட்டி வாதம் செய்கிறார்கள். பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் மார்வெல் தாக்கல் செய்த ஆவணங்களின் வழியாக அது பொதுவெளிக்கு வந்துவிட்டதே காரணம். பத்திரத்தைப் படித்துவிட்டுப் பேசுகிற ரசிகர்கள் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

பொறியாளர், பெருந்துறை: கலிபோர்னியாவில் வரப்போகும் இரண்டு புதிய சவாரிகளைப் பற்றிப் பல ஓவியங்களும் விளக்கங்களும் சுற்றுகின்றன. எதை நம்பலாம்?

நிறுவனமே சொன்னதிலிருந்து தொடங்குவோம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடந்த டி23 ரசிகர் மாநாட்டில், கலிபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவின் அவென்ஜர்ஸ் வளாகத்துக்கு இரண்டு சவாரிகளை டிஸ்னி அறிவித்தது. ஒன்று ‘அவென்ஜர்ஸ் இன்ஃபினிட்டி டிஃபென்ஸ்’, மற்றொன்று ‘ஸ்டார்க் ஃப்ளைட் லேப்’. இரண்டாவதில், தண்டவாளத்தில் செல்லும் இருக்கைக் கூண்டை ஒரு பெரிய இயந்திரக் கை பற்றி எடுத்துச் சுழற்றும் என்று விளக்கியிருக்கிறார்கள். தங்கள் பகுதித் தொழிற்சாலைகளில் வெல்டிங் வேலைக்கு நிற்கும் ரோபோ கைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்துக் கையின் நுனியில் மனிதர்கள் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இதே ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரில் 2010இல் திறந்த ஹாரி பாட்டர் சவாரியில் ரோபோ கை ஏற்கெனவே பயன்பட்டிருக்கிறது என்பதால் கருத்து புதிதன்று; ஆனால் அயர்ன்மேனான டோனி ஸ்டார்க் தம் பட்டறையில் செய்து பார்க்கும் கருவியாக அதை மறைக்காமல் கதைக்குள்ளேயே நிறுத்துவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

முதல் சவாரியின் வரலாறுதான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. அதே வளாகத்துக்கு 2019இல் அறிவித்தபோது, அவென்ஜர்ஸின் குவின்ஜெட் விமானத்தில் ஏறி, பிளாக் பேந்தரின் கற்பனை நாடான வகாண்டாவுக்குச் செல்லும் சவாரி என்றார்கள். 2021ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி வளாகம் திறந்தபோது அது வரவில்லை. 2022இல் பன்முக அண்டங்கள், கிங் தானோஸ் என்ற வில்லன் என்று கதை மாறியது. 2024இல்தான் இப்போதைய பெயர் கிடைத்தது. நிறுவனத்தின் சொந்த அறிவிப்பே ஐந்தாண்டுகளில் இருமுறை மாறியிருக்கும்போது, அந்த அறிவிப்புகளை வைத்து ரசிகர் ஒருவர் வரைந்த ஓவியத்துக்கு எவ்வளவு மதிப்பு தருவது என்பதைத் தாங்களே கணிக்கலாம்.

ஆனால் ஊகம் பலித்த இடமும் உண்டு. ‘ஸ்டன்ட்ரானிக்ஸ்’ என்ற பெயரில், காற்றில் வீசினால் குட்டிக்கரணம் அடித்து உடலைச் சரிசெய்துகொள்ளும் ரோபோவை டிஸ்னியின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். அது ஸ்பைடர்மேனுக்காகத்தான் என்று ரசிகர்கள் உடனே கணித்தார்கள். 2021இல் அவ்வாறே ஒரு ஸ்பைடர்மேன் ரோபோ வளாகத்தின் கூரைக்கு மேலே பறந்தது. கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு செய்த கணிப்பு அது.

பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை: ஹல்க் கோஸ்டர் மேட்டில் ஏறும்போதே வேகம் எடுக்கிறது என்று என் மகன் காணொளி காட்டினான். அது எப்படி நடக்கிறது? அதைவிடப் பெரிதாக ஒன்று வரும் என்கிறார்களே?

இந்தக் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்தது. பொதுவாக ரோலர் கோஸ்டரைச் சங்கிலி போட்டு மெதுவாக உச்சிக்கு இழுத்து, அங்கிருந்து புவியீர்ப்பின் கையில் விட்டுவிடுவார்கள். ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரிலுள்ள ஹல்க் சவாரியில் ஏற்றத்தின் நெடுகிலும் வரிசையாக மோட்டார் பொருத்திய டயர்கள் சுழன்றுகொண்டிருக்கின்றன. அவை ரயிலைப் பற்றித் தள்ளிவிட, அது சுமார் 2 விநாடியில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. சவாரியின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 108 கிலோமீட்டர். பயணிகள் ஏழு முறை தலைகீழாகிறார்கள்.

இவ்வளவு மின்சாரத்தை ஒரே நொடியில் இழுத்தால் அந்த வட்டாரத்து மின்தொடரே தள்ளாடிவிடும். எனவே ஃப்ளைவீல்களோடு கூடிய ஜெனரேட்டர்களை நிறுவினார்கள். இரண்டு ரயில்களுக்கு இடையிலுள்ள நேரத்தில் அவை சிறிது சிறிதாக மின்சாரம் எடுத்துச் சுழன்று வலுச் சேர்க்கின்றன. ரயில் கிளம்பும் கணத்தில் அந்த வலுவை மொத்தமாகத் தந்துவிடுகின்றன. தங்கள் பட்டறையில் பவர் பிரஸ் இருந்தால் அதே கொள்கையைத் தினமும் பார்க்கிறீர்கள்: சிறிய மோட்டார் பெரிய சக்கரத்தைச் சுற்றிவைக்கும், தகட்டில் விழும் ஒரே அடிக்குச் சக்கரம் தன் சேமிப்பைக் கொடுக்கும்.

பக்கத்திலேயே இருக்கும் டாக்டர் டூம் சவாரியில் அழுத்தப்பட்ட காற்று மனிதர்களை மேலே எறிகிறது. கலிபோர்னியாவின் கார்டியன்ஸ் சவாரியிலோ லிஃப்ட் கூண்டு தானாக விழுவதில்லை; மோட்டார் அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது, அதனால் இயல்பாக விழுவதைவிட வேகமாக இறங்குகிறது. பம்ப்செட்டும் மோட்டாரும் கம்ப்ரஸரும் செய்யும் ஊருக்கு இவையெல்லாம் உறவுமுறைதான்.

பெரிதாக ஒன்று வருமா என்ற தங்கள் கேள்விக்கு, இயந்திரத்தைப் பார்த்தே கணிக்கச் சொல்வேன். பூங்காக்கள் ஓடுகிற இயந்திரத்தை எளிதில் இடிப்பதில்லை. கதையை மாற்றிப் போர்த்துகின்றன. மேற்சொன்ன லிஃப்ட் சவாரி 2004இல் ‘டவர் ஆஃப் டெரர்’ என்ற பேய்மாளிகையாகத் திறக்கப்பட்டது. 2017 ஜனவரியில் மூடி, மே மாதமே கார்டியன்ஸாகத் திறந்துவிட்டார்கள். பாரிஸிலும் இசைக்குழு ஒன்றை மையமாகக் கொண்டிருந்த கோஸ்டர் 2022இல் அவென்ஜர்ஸ் சவாரியாக மாறியது. ஹல்க் கோஸ்டரும் 2015இல் மூடப்பட்டு, தண்டவாளம் முழுவதும் புதிதாகப் போடப்பட்டு, மறு ஆண்டு கோடையில் அதே பெயரோடும் அதே வடிவத்தோடும் திரும்பி வந்தது. அவ்வளவு செலவு செய்து புதுப்பித்த இயந்திரத்தை விரைவில் கழற்றிவிடுவார்கள் என்ற ஊகத்தை நான் ஏற்கமாட்டேன்.

பின்னலாடைத் தொழில் முனைவோர், திருப்பூர்: துபாயில் தம்பி குடும்பம் இருக்கிறது. குழந்தைகளைச் சூப்பர் ஹீரோ சவாரிக்கு அழைத்துச் செல்ல இப்போதே போகலாமா, டிஸ்னி வரும் வரை பொறுக்கலாமா?

இப்போதே செல்லுங்கள். துபாயின் ஐ.எம்.ஜி. வேர்ல்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் 2016இல் திறந்தது. முழுவதும் கூரைக்குள் இருப்பதால் வெயிலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அங்கே மார்வெலுக்கென ஒரு பகுதி உண்டு. அபுதாபியின் யாஸ் தீவில் 2018இல் திறந்த வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டில் பேட்மேனின் காத்தம் நகரும் சூப்பர்மேனின் மெட்ரோபொலிஸும் இருக்கின்றன. அதே யாஸ் தீவில் டிஸ்னி பூங்கா அமையும் என்ற அறிவிப்பு 2025 மே மாதம்தான் வந்தது. இத்தகைய பூங்கா எழும்பப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் தங்கள் குழந்தைகள் கல்லூரிக்கே போய்விடக்கூடும். அங்கே மார்வெல் நாயகர்கள் வருவார்களா என்ற விவாதத்திலும் பழைய குத்தகைக் கேள்விதான் முதலில் நிற்கும்: பக்கத்து நகரத்துப் பூங்காவுக்குக் கொடுத்த உரிமம் எதுவரை செல்லும் என்று பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பெரிய சவாரிகளுக்கு உயர வரம்பு உண்டு. கிளம்பும் முன் பிள்ளைகளின் உயரத்தை அளந்து, பூங்காவின் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வாசலில் வந்து அழுகிற குழந்தையைத் தேற்றுவது கடினம்.

இல்லத்தரசி, அவிநாசி: கோவைக்கு அருகே டிஸ்னி பூங்கா வருவதாகக் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. உண்மையா?

இல்லை, அம்மா. இந்தியாவில் டிஸ்னி பூங்காவும் இல்லை, யுனிவர்சல் பூங்காவும் இல்லை. புளோரிடாவில் கட்டுமானம் தொடங்கும் முன் அதற்கான அறிவிப்பை மாவட்டப் பொதுப் பதிவேட்டில் தாக்கல் செய்தாக வேண்டும்; ரசிகர்கள் அந்தப் பதிவேட்டைத்தான் நாள்தோறும் புரட்டுகிறார்கள். இங்கும் நூற்றுக்கணக்கான ஏக்கரில் ஒரு திட்டம் வந்தால் நிலப்பதிவு, நகர் ஊரமைப்பு ஒப்புதல், தண்ணீர் என்று எங்காவது ஒரு தடம் தெரியும். தடமே இல்லாமல் வெறும் படம் வந்தால், அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் கேட்டால் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தாராபுரம்: நாங்கள் 1970களில் முத்து காமிக்ஸில் படித்த இரும்புக்கை மாயாவிக்கு எந்தப் பூங்காவிலும் சவாரி வராதா?

ஐயா, தங்கள் ஏக்கம் எனக்கும் உண்டு. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே தமிழுக்கு வந்த அந்த நாயகர், 1962இல் இங்கிலாந்தின் வேலியன்ட் இதழில் பிறந்தவர். பிறந்த நாட்டைவிடத் தமிழ்நாட்டில் அதிகம் நேசிக்கப்பட்டவர் என்றே நான் நம்புகிறேன். ஆனால் பூங்காக்கள் படக்கதையின் பெருமையைப் பார்ப்பதில்லை, திரையரங்கின் கூட்டத்தைப் பார்க்கின்றன. அவருக்குச் சவாரி அமைப்பதோ மிகவும் எளிது: மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரிய வேண்டும். முழு இருட்டில் செல்லும் வண்டிக்கு முன்னால் ஓர் இரும்புக் கை கதவைத் திறந்துகொண்டே போனால் போதும். எந்தத் திரையும் வேண்டாம்.

ஏழாம் வகுப்பு மாணவி, அந்தியூர்: எங்கள் ஊர்க் குருநாதசாமி கோயில் திருவிழாவில் ராட்டினத் தூரி ஏறினேன். அதற்கும் ஸ்பைடர்மேன் சவாரிக்கும் என்ன வித்தியாசம்?

அம்மணி, ராட்டினத் தூரியில் ஏறினால் நீ நீயாகவே இருக்கிறாய். உச்சிக்குப் போனதும் குதிரைச் சந்தையும் தேர்க்கூட்டமும் உன் கண்ணுக்குக் கீழே தெரிகின்றன. ஒர்லாண்டோவின் ஸ்பைடர்மேன் சவாரியில் வரிசையில் நிற்கும்போதே உன்னை ஒரு செய்தித்தாள் அலுவலகத்துக்குள் நடத்திச் செல்கிறார்கள். வண்டியில் ஏறும்போது நீ செய்தி சேகரிக்கக் கிளம்பிய நிருபர் ஆகிவிடுகிறாய். அந்த வண்டி தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே திரும்பும், சாயும், குலுங்கும். எதிரே உள்ள திரையில், வண்டி நகர நகரக் கோணம் மாறும்படி கணக்கிட்டு வரைந்த முப்பரிமாணப் படம் ஓடுகிறது. கடைசியில் வானளாவிய கட்டடத்திலிருந்து விழுவதாக எல்லாரும் அலறுவார்கள். வண்டி உண்மையில் விழுவதே இல்லை. உன் ராட்டினத் தூரி உன்னை நிஜமாகவே மேலே கொண்டுபோய் நிஜமாகவே கீழே இறக்கியது. அடுத்த ஆடித் திருவிழாவில் ஏறும்போது, எந்த இடத்தில் வயிற்றைக் கலக்கியது என்று குறித்துவைத்து எனக்கு எழுது. சவாரி வடிவமைப்பவர்கள் கணக்குப் போடுவது அந்த இடத்தை வைத்துத்தான்.