ஜிபிஏ 2.6 இருந்தும் பெல் கிராண்ட் ஏன் நின்றது?

அம்மாவின் அறுவை சிகிச்சைக்காகச் சில பாடங்களிலிருந்து விலகிய பின், அமெரிக்க அரசின் திருப்பித் தர வேண்டாத கல்வி உதவியான பெல் கிராண்ட் ஏன் நின்றது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஜிபிஏவில் (மதிப்பெண் சராசரியில்) குறை இல்லை. இடிப்பது வேகக் கணக்கு. அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி தொடர, பதிவு செய்த கிரெடிட்டுகளில் (பாட அலகுகளில்) ஏறத்தாழ 67 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் விதி. நீங்கள் 45 எடுத்து 27 முடித்திருக்கிறீர்கள். அது 60 சதவீதம்தான். அம்மாவின் அறுவை சிகிச்சையின்போது பாதியில் விலகிய பாடங்களின் 'டபிள்யூ' (விலகல் குறி) ஜிபிஏவைத் தொடாது, ஆனால் இந்தக் கணக்கில் எடுத்த பாடமாகவே நிற்கும். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

உடனே மேல்முறையீடு செய்யுங்கள். உங்கள் நோயோ உறவினர் மரணமோ மட்டுமல்ல, பிற சிறப்புச் சூழ்நிலைகளையும் விதி ஏற்கிறது. மருத்துவமனைக் கடிதத்தை இணையுங்கள். ஆனால் கடிதம் முழுக்கத் துயரத்தையே எழுதிவிடாதீர்கள். இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதையும் கேட்பார்கள்: அம்மா தேறிவிட்டாரா, கவனித்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள், அடுத்த பருவத்தில் எத்தனை பாடம் எடுக்கப்போகிறீர்கள்? அங்கேதான் பலரின் கடிதம் தடுமாறும்.

ஏற்றுக்கொண்டால் ஒரு பருவத்துக்கு நிபந்தனையுடன் உதவி கிடைக்கும். அதில் 12 கிரெடிட் எடுத்து அனைத்தையும் முடித்தால் 57க்கு 39, அதாவது 68 சதவீதம். ஆசைப்பட்டு 18 எடுத்து மறுபடி விலகினால் பழைய கதைதான்.

கடைசித் தேதியை உதவித்தொகை அலுவலகத்தில் இன்றே கேளுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.