சீசன் வந்தால் வீடு சத்திரமாகிறது

கேள்வி: கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. குற்றாலத்துக்குப் பக்கத்தில், இலஞ்சியில் இருக்கிறோம். சாரல் தொடங்கியதும் என் கணவரின் காலேஜ் நண்பர்கள் சென்னை, கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்துவிடுகிறார்கள். ஆவணி வரை ஒரு வாரம்கூட வீடு காலியாக இல்லை. குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று எங்கள் நாய் கருப்பனை மாடியில் கட்டிப் போடுகிறோம். அது இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை, பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது. கேட்டால், "நாலு நாள்தானே" என்கிறார் இவர். கருப்பனை ரயிலில் எங்காவது கூட்டிப் போக முடியுமா?
— பெயர் வேண்டாம், இலஞ்சி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் கருப்பனைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, உங்களைப் பற்றி நாலு வரிதான். அதில் ஒரு வரி: "மூணு சீசன்ல நான் அருவில குளிச்சது ஒரே ஒரு தடவை." இலஞ்சியிலிருந்து குற்றாலம் ஆட்டோ தூரம். சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் வந்தவர்கள் மூன்று நாளில் ஆறு தடவை குளித்துவிட்டுப் போகிறார்கள்.

நான் செங்கோட்டைக்காரி. இந்தக் கதை எனக்கு அத்துப்படி. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று சாரலை வாரிக்கொண்டு வரும். பாளையங்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளக்கிற அதே நாளில் நம் வீட்டுக் கொடியில் துணி காயாது. வெளியூர்க்காரர்களுக்கு அது குளுகுளு, வீட்டுக்காரிக்கு அது பதினோரு ஈரத் துண்டு. எங்கள் அம்மா விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டித் துண்டு காயப்போடுவாள். சீசன் முடிகிறவரை முகம் துடைத்தால் புகை வாசம்தான்.

வராதீர்கள் என்று சொல்ல நம் பக்கத்தில் யாருக்கும் நாக்கு எழாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் "எப்ப வேணாலும் வாங்க" என்பதை நிறுத்தலாம். சீசனுக்கு இரண்டே இரண்டு சனி ஞாயிறு, ஒரு தடவைக்கு ஒரு குடும்பம். மற்றவர்கள் லாட்ஜில் தங்கட்டும், ஒரு வேளை சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரட்டும். இதை அவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் "மதினி மூஞ்சியக் காட்டுறாங்க" என்று ஆகிவிடும், அவர் சொன்னால் "சரிடா மாப்ள" என்று முடிந்துவிடும். வருகிறவர்களுக்கு முதல் நாள் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வையுங்கள், போதும். மறுநாள் பிரானூருக்குப் புரோட்டா சாப்பிடப் போகட்டும், பாதிப் பேர் வருவதே அதற்குத்தானே! ஈரத் துண்டு மட்டும் உங்கள் கணவர் பொறுப்பு. ஒரு சீசன் அவர் பிழிந்து பார்த்தால், நாலு நாள் என்பது எத்தனை நாள் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இப்போது கருப்பன். பாதத்தை நக்குவதை ஏக்கம் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். சாரல் காலத்தில் விரலிடுக்கில் ஈரம் தங்கிப் புண் வரும், உண்ணியும் ஏறும். விரல்களைப் பிரித்துப் பாருங்கள், காது மடலுக்குள்ளும் பாருங்கள். சிவந்திருந்தால், நாற்றம் அடித்தால், டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உள்ளூரில் சரியாகவில்லை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வருடா வருடம் போடுகிற வெறிநாய்க்கடித் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் அதையும் கையோடு போட்டுவிடுங்கள், குழந்தைகள் வந்து போகிற வீடு.

மொட்டை மாடி வேண்டாம். நனையாத இடமாக, உங்கள் குரல் கேட்கிற இடமாக, அடுக்களைக்குப் பின்னால் ஒரு மூலை போதும். அதன் பழைய சாக்கையே விரியுங்கள், புதுசு வேண்டாம், அதன் வாடைதான் அதற்குத் தைரியம். வந்திருக்கிற பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: சாக்லேட்டும் கிஸ்மிஸும் நாய்க்கு விஷம். அல்வாவும் கொடுக்கக் கூடாது, அவ்வளவு நெய்யை அதன் வயிறு தாங்காது. (என் வீட்டில் இருந்த நாய் கால் கிலோ அல்வாவைக் காகிதத்தோடு தின்றுவிட்டு இரண்டு நாள் எங்களைத் தூங்கவிடவில்லை.)

ரயில் விஷயம்: ஸ்லீப்பரிலும் இரண்டு, மூன்று டயர் ஏசியிலும் நாய்க்கு அனுமதி கிடையாது. முதல் வகுப்பு ஏசியில் கூபே என்கிற தனி அறை முழுவதையும் நீங்களே எடுத்தால் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ரயில் கார்டு இருக்கிற பெட்டியில் உள்ள கூண்டில்தான். ஏற்கெனவே மிரண்டுபோயிருக்கிற நாயைக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

கருப்பனைப் பக்கத்து வீட்டில் ஒரு பகல் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் போங்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் பக்கம் போகிற பகல் ரயிலில் ஏறுங்கள். 1904-இல் போட்ட பாதை, அகலப்பாதையாக மாறி 2018-இல் முழுசாகத் திறந்தது. குகையைத் தாண்டினால் தென்மலைக்குக் கொஞ்சம் முன்னால் பதின்மூன்று கண் பாலம் வரும், கீழே ரோடும் ஆறும். நண்பர்களை ஏற்றிவிட ஸ்டேஷனுக்கு எத்தனை தடவை போயிருப்பீர்கள், நீங்கள் ஏறியது எத்தனை தடவை?

குளியலுக்கு ஒரு புதன்கிழமை விடியற்காலை. தண்ணீர் அளவாக விழுகிற நாளாக இருக்கட்டும், வெள்ளம் என்று தடை போட்டிருந்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள். அவர் அரை நாள் லீவு போடட்டும், நண்பர்களுக்காகப் போடத் தெரிந்தவர்தானே. குளித்துவிட்டு வரும்போது ரோட்டோரத்தில் மங்குஸ்தான் இருந்தால் கால் கிலோ வாங்குங்கள். காம்புக்கு எதிர்ப்பக்கம் பூப்போல ஒரு தடம் இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடாமல் பந்தயம் கட்டுங்கள்.