ஃபெரட்டுக்குக் கட்டி: ஆபரேஷனா, மருந்தா?

கேள்வி: 4 வயதுப் பெண் ஃபெரட் (கீரி போன்ற சிறிய செல்லப்பிராணி). கருத்தடை செய்தது. வாலில் தொடங்கி இடுப்புவரை முடி கொட்டிவிட்டது, பிறப்புறுப்பும் வீங்கியிருக்கிறது. சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரினல் சுரப்பியில் கட்டி என்கிறார்கள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

பதில்: எந்தப் பக்கச் சுரப்பி என்று ஸ்கேனில் பார்த்தார்களா? முடிவே அதில்தான் இருக்கிறது. இடது சுரப்பி கொழுப்புக்குள் தனியாகக் கிடக்கும். ஃபெரட் ஆபரேஷனில் பழகிய டாக்டர் எடுத்துவிடுவார். வலது சுரப்பி பெருஞ்சிரையின் சுவரோடு ஒட்டியிருக்கும். கொஞ்சம் பிசகினாலும் ரத்தம் கொட்டும். அதனால் இடது என்றால் ஆபரேஷன், வலது என்றால் டெஸ்லோரலின் என்ற ஹார்மோனை அடக்கும் மருந்தின் இம்ப்ளான்ட் என்பதுதான் பொதுவாக என் கட்சி. 4.7 மில்லிகிராம் மருந்துள்ள சின்னக் குச்சி அது. தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்துவார்கள். முதல் இரண்டு வாரம் அறிகுறிகள் கூடுவதுபோல் தெரியலாம், பயப்படாதீர்கள். அப்புறம் வீக்கம் வற்றும், மெல்ல முடி முளைக்கும். பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் தாங்கும்; பிறகு புதிதாக வைக்க வேண்டும். ஆனால் ஒன்று, இம்ப்ளான்ட் ஹார்மோனைத்தான் அடக்கும், கட்டியைக் கரைக்காது. முடி வந்துவிட்டதே என்று ஸ்கேனை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: 6 வயது ஆண் ஃபெரட். அடிக்கடி வெறித்துப் பார்க்கிறது, எச்சில் வடிகிறது, பின்னங்கால் துவள்கிறது. ரத்தச் சர்க்கரை 52தான், குறைவு. இன்சுலினோமாவாம், அதாவது கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் கட்டி.

பதில்: கணையத்தில் கண்ணுக்குத் தெரிகிற முடிச்சுகளை ஆபரேஷனில் எடுக்கலாம்; தெரியாதவை அங்கேயே வளரும். ஆகவே இரண்டு வழியிலும் கிடைப்பது கூடுதல் காலம்தான். 3, 4 வயது என்றால் ஆபரேஷன் செய்யச் சொல்லியிருப்பேன். 6 வயது ஃபெரட்டுக்கு முதுமை. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தில் தொடங்குங்கள், போகப்போக அளவு கூடும், அது போதாதபோது இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டயசாக்சைடு சேர்ப்பார்கள். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை இறைச்சி உணவு தர வேண்டும். உலர்திராட்சை, பிஸ்கட் கூடவே கூடாது.

கேள்வி: இன்சுலினோமா உள்ள ஃபெரட் மயங்கி விழுந்தால் தேன் கொடுக்கலாமா?

பதில்: வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஈறில் தடவுங்கள். விரலை வைத்தால் கடி வாங்குவீர்கள். தெளிந்ததும் உடனே இறைச்சி உணவு கொடுங்கள். வெறும் தேனோடு விட்டால் கட்டி மறுபடி இன்சுலினைக் கொட்டி, சர்க்கரையை இன்னும் இறக்கிவிடும். வலிப்பு வந்தாலோ, தெளியவில்லை என்றாலோ நேரே மருத்துவமனைதான்.

கேள்வி: அட்ரினல் கட்டியுள்ள ஆண் ஃபெரட். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போகிறது. இம்ப்ளான்ட் வைக்க அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: கூடாது. புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்க் குழாயை நெரிக்கிறது. இன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். முதலில் அடைப்பு நீங்கட்டும், ஆபரேஷனா இம்ப்ளான்டா என்பதைப் பிறகு பேசலாம்.