சமூக அறிவியலில் பி.எட்.: கேட்டவர்களுக்கு ஒரு டீச்சரின் பதில்கள்

அரசு உயர்நிலைப் பள்ளியில் 22 வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். வருடாவருடம் பி.எட். என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டம் படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வருவார்கள். அவர்களும் இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பி.ஏ. வரலாறு கடைசி ஆண்டு படிக்கிறேன். பி.எட். இரண்டு வருடமா? பிளஸ் டூ படிக்கும் தம்பிக்கும் ஆசிரியர் ஆசை இருக்கிறது. (திருவாரூர்)

உங்களுக்கு இரண்டு வருடம்தான். ஒரு வருடப் படிப்பு 2015-ஓடு போய்விட்டது. தம்பிக்கு வேறு வழி உண்டு. பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கே வருடத்தில் முடிக்கலாம். மைசூரில் மத்திய அரசின் கல்வி அமைப்பான என்சிஇஆர்டி நடத்தும் மண்டலக் கல்வி நிறுவனம் இதற்குப் பேர்போன இடம். நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூவிலேயே முடிவெடுத்தால் ஒரு வருடம் மிச்சம்.

பி.ஏ. பொருளியல் முடித்தேன். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பொருளியல் இருக்கிறதே, எனக்கு பி.எட். கிடைக்குமா டீச்சர்? (தருமபுரி)

தமிழ்நாட்டில் பொருளியல்காரர்கள் பி.எட்.டில் சேர முதுகலை முடித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் பணியிடங்களும் வரலாறு, புவியியல் என்ற பெயரில்தான் வருகின்றன. எம்.ஏ. முடித்துவிட்டு மேல்நிலை வகுப்புகளுக்கு ஆசிரியராகப் போவதே உங்களுக்குச் சரியான பாதை. புத்தகத்தில் பாடம் இருக்கிறது, ஆனால் அந்தப் பாடம் படித்தவருக்குப் பணியிடம் இல்லை. இது எனக்கும் வருத்தம்தான்.

நான் வரலாறு மேஜர். புவியியல் என்றாலே கை நடுங்குகிறது. வரைபடம் போட வராது. (விருதுநகர்)

நீங்கள் மட்டும் இல்லை, வரலாறு படித்து வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் வகுப்புக்குள் போனால் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் உங்கள் தலையில்தான். பிள்ளைகளிடம் "எனக்கு இது வராது" என்று சொல்ல முடியாது. அதனால் முதல் வருடத்திலேயே ஆறு முதல் பத்து வரையுள்ள புவியியல் பாடங்களை மாணவரைப் போல உட்கார்ந்து படியுங்கள்.

வரைபடத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். கரும்பலகையில் குறுக்காக ஒரு கோடு, அது 23½° கடகரேகை. நெடுக்காக ஒரு கோடு, அது நம் கடிகார நேரத்தைத் தரும் 82½° தீர்க்கரேகை. இரண்டும் வெட்டும் இடம் சத்தீஸ்கர், ஏறக்குறைய நாட்டின் நடு. வடக்கு தெற்காக 3,214 கி.மீ., கிழக்கு மேற்காக 2,933 கி.மீ. என்பதால் கிட்டத்தட்ட சதுரக் கட்டத்துக்குள் இந்தியா அடங்கிவிடும். பிறகு குஜராத்தின் மூக்கு, கன்னியாகுமரி, அருணாச்சலத்தின் முனை, காஷ்மீரின் தலை என்று நான்கு புள்ளி வைத்து இணையுங்கள். தினம் ஒன்று போட்டால் ஒரே மாதத்தில் கை பழகிவிடும்.

கற்பித்தல் பயிற்சிக்கு சார்ட், ரெக்கார்டு (பயிற்சிப் பதிவேடு) எல்லாம் கடையில் எழுதியே கிடைக்கிறதாம். வாங்கலாமா? (சேலம்)

வேண்டாம். கையெழுத்தும் மதிப்பெண்ணும் வந்துவிடும், பாடம் நடத்தத்தான் வராது.

போன வருடம் ஒரு பயிற்சி மாணவி உத்திரமேரூர் குடவோலை முறையை, அதாவது குடத்தில் பெயர் எழுதிய ஓலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த முறையை நடத்தினாள். சார்ட் எதுவும் கொண்டுவரவில்லை. சத்துணவுக் கூடத்தில் ஒரு பானை கேட்டு வாங்கி வந்தாள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் தகுதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, "இது இல்லாதவர்கள் உட்காருங்கள்" என்றாள். கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலம் சொந்தமாக வேண்டும் என்றதும் முக்கால்வாசி வகுப்பு உட்கார்ந்துவிட்டது. 35 முதல் 70 வயதுக்குள் என்றதும் மிச்சமும் உட்கார்ந்தது. ஒரே சிரிப்பு. சரி, எல்லாரும் பெயர் எழுதிப் போடுங்கள் என்று சீட்டுக் கொடுத்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு சிறுவனைக் கூப்பிட்டுச் சீட்டை எடுக்கச் சொன்னாள். அப்போது கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "மிஸ், அந்தக் காலத்துல குடத்துக்குள்ள பொம்பளைங்க பேரு இருந்துச்சா?" என்றாள். அங்கிருந்து பேச்சு இன்றைய உள்ளாட்சியில் பெண்களுக்கான 50 சதவீத இடத்துக்கு வந்தது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. எந்தக் கடை ரெக்கார்டிலும் இந்தக் கேள்வி கிடைக்காது.

கைக்குழந்தை இருக்கிறது. தினமும் போகாமல் படிக்க முடியுமா? (கடலூர்)

முடியாது அம்மா. வகுப்புக்கு 80, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சியே மொத்தம் 20 வாரம். "வராமலே முடித்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். குழந்தைக்கு ஒரு வயது தாண்டட்டும், அப்புறம் சேருங்கள்.

டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு எப்போது படிக்கத் தொடங்குவது? (மதுரை)

பி.எட். இரண்டாம் வருடத்திலேயே தொடங்குங்கள். நீங்கள் எழுதுவது இரண்டாம் தாள். 150 கேள்வியில் 60 சமூக அறிவியல்; குழந்தை மேம்பாடு, மொழி, ஆங்கிலம் தலா 30. பலர் ஆங்கிலத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒருமுறை தேறினால் சான்று ஆயுளுக்கும் செல்லும். அரசு வேலைக்கு அதற்கு மேல் டிஆர்பி என்ற ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் உண்டு.

பயிற்சிக்குப் போன பள்ளியில் சமூக அறிவியல் பீரியடை எல்லாம் கணக்கு சாரே வாங்கிக்கொள்கிறார். நம் பாடத்துக்கு மதிப்பே இல்லையா டீச்சர்? (தஞ்சாவூர்)

இதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. பொதுத்தேர்வில் கணக்குக்கும் 100, நமக்கும் 100. சண்டை போட வேண்டாம். உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம், "வாரத்தில் இந்த இரண்டு பீரியட் எனக்கு வேண்டும், இன்ன பாடம் நடத்தப் போகிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். முதல் பீரியடில் பக்கத்துக் கோயில் கல்வெட்டையோ ஊர்க் குளத்தையோ வைத்துத் தொடங்குங்கள். அடுத்த வாரம் கணக்கு சார் வந்து நின்றால், "இன்னிக்கு எங்களுக்குச் சமூக அறிவியல் சார்" என்று பிள்ளைகளே சொல்வார்கள்.