ஆல்டோவை முதன்முதலாகப் படிப்பவர்களின் கேள்விகள்

பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோவின் (1898–1976) வாழ்க்கையையும் வேலையையும் படங்களோடு சொல்லும் அறிமுகப் புத்தகம் ஒன்றைப் படிப்பவர்கள் கேட்டவை இவை.

கேள்வி: பக்கத்துக்குப் பக்கம் படங்கள். எதை முதலில் பார்ப்பது?

பதில்: போட்டோவை விடுங்கள், வெட்டுப்படத்தைப் பாருங்கள். கட்டடத்தை நடுவே பிளந்து உள்ளே காட்டும் படம் அது. 1935-இல் திறந்த வீபுரி நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (ஊர் இப்போது ரஷ்யாவில்). கூரையில் 57 வட்டத் திறப்புகள். போட்டோவில் அவை வெறும் பொட்டுகள். வெட்டுப்படத்தில்தான் ஒவ்வொன்றும் ஆழமான கூம்பு என்று தெரியும். அந்த வடக்குப் பகுதியில் வெயில் எப்போதும் சாய்ந்தே வரும். கூம்பின் சுவரில் பட்டுச் சிதறிய பிறகுதான் கீழே இறங்கும். வெளிச்சம் பல பக்கமிருந்து வருவதால் படிப்பவரின் தலை நிழல் புத்தகத்தின் மேல் விழாது. இப்படி வெட்டுப்படம் போடாத அறிமுகப் புத்தகத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

கேள்வி: நவீனக் கட்டடம் என்றால் வெள்ளைப் பெட்டி என்று நினைத்திருந்தேன். மரமும் செங்கல்லுமாகக் கட்டிய இவர் எப்படி அந்தக் கூட்டத்தில்?

பதில்: அவரும் வெள்ளையில்தான் பேர் வாங்கினார். 1933-இல் முடிந்த பைமியோ காசநோய் மருத்துவமனையைப் பாருங்கள். நோயாளி நாள் முழுக்கப் படுத்திருப்பவர், அவர் பார்ப்பது கூரையை. அதனால் கூரைக்கு அடங்கிய நிறம். விளக்கு கண்ணில் குத்தாத இடத்தில். வாஷ்பேசினில் தண்ணீர் சாய்வான பரப்பில் விழும், பக்கத்துக் கட்டிலில் தூங்குபவருக்குச் சத்தம் கேட்காது. செங்கல்லுக்குப் போன பிறகும் இந்தப் புத்தி மாறவில்லை.

கேள்வி: ஆல்டோ செய்த ஒரு முக்காலிக்குப் புத்தகத்தில் நாலு பக்கமா?

பதில்: கேலி வேண்டாம். பிர்ச் மரக் காலின் மேல்முனையை, நார் ஓடும் வாக்கிலேயே, சீப்புப் பல் மாதிரி அறுத்து, இடுக்குகளில் மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவிச் செருகி வளைத்தார். வளைந்த இடம் தகடுகளால் ஆனது, மற்ற இடம் முழு மரம். அந்தக் காலை இருக்கைக்கு அடியில் நேராகத் திருகிவிடலாம், இணைப்புச் சட்டம் தேவையில்லை. 1933 முதல் இன்றுவரை விற்கிறது.

கேள்வி: மனைவி ஐனோவுக்கு அரைப் பக்கம்தான். அவ்வளவுதானா?

பதில்: அது புத்தகத்தின் குறை. ஐனோவும் கட்டடக் கலைஞர்தான். 1935-இல் ஆர்டெக் என்ற மரச்சாமான் நிறுவனத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். அவர் வடிவமைத்த வரிக் கண்ணாடி டம்ளர் இன்னமும் கடையில் கிடைக்கிறது. 1949-இல் காலமானார். அப்புறம் ஆல்டோ மணந்த எலிஸ்ஸாவும் கட்டடக் கலைஞரே; ஆல்டோ போன பின் பாக்கி வேலைகளை முடித்தவர் அவர்.

கேள்வி: எங்குமே சறுக்கவில்லையா?

பதில்: சறுக்கினார். ஹெல்சிங்கியின் பின்லாந்தியா மண்டபத்துக்கு (1971) இத்தாலியிலிருந்து கராரா வெள்ளைப் பளிங்கைக் கொண்டுவந்து போர்த்தினார். குளிரிலும் ஈரத்திலும் பலகைகள் வளைந்து தட்டு மாதிரி ஆகிவிட்டன. 1990-களின் இறுதியில் கழற்றிவிட்டு, தோற்றம் கெடக்கூடாது என்று மறுபடி அதே பளிங்கையே போட்டார்கள். அதுவும் வளைந்தது.