நாலு விரற்கடைத் தூரம்

இந்த வாரக் கேள்விகள் அத்தனையும் சிறுவயது கோச், பி.டி. சார் பற்றியே வந்திருக்கின்றன.

கேள்வி: பி.டி. உஷாவை அவருடைய கோச் நம்பியார் கடற்கரை மணலில் ஓடவிட்டுத்தான் தேற்றினார் என்கிறார்கள். எங்கள் பள்ளி பி.டி. சாரும் எங்களை மணலில் விரட்டுவார். அதில் நிஜமாகவே பலன் உண்டா, அல்லது நல்ல மைதானம் இல்லாத குறைக்கு ஒரு சமாளிப்பா?
– வாசகி, ராமநாதபுரம்

பதில்: இரண்டும்தான். 1976-ல் கேரள அரசு பெண்களுக்காக விளையாட்டுப் பிரிவு தொடங்கியபோது அதில் சேர்ந்த 40 பேரில் உஷாவும் ஒருவர். விமானப்படையிலிருந்து வந்த ஓ.எம். நம்பியார்தான் கோச். ஒல்லியான உடம்பையும் விறுவிறுவென்ற நடையையும் பார்த்தே இந்தப் பெண் ஓட்டத்துக்கு ஆவாள் என்று தோன்றியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஓடவிட்டுப் பார்க்கும் முன்பே நடையைப் பார்த்தார் என்பதுதான் இதில் விசேஷம்.

சிந்தெடிக் டிராக் கைக்கு எட்டாத காலத்தில் உஷா வளர்ந்த பய்யோளிக் கடற்கரை இலவச மைதானம். உலர்ந்த மணலில் கால் வைத்தால் மணல் விலகிக்கொடுக்கும். தரை திருப்பித் தர வேண்டிய உந்துதலை அது விழுங்கிவிடும். கெட்டித் தரையில் ஓடும் அதே வேகத்துக்கு இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். கெண்டைக்காலும் இடுப்பும் உரமேறும், மூட்டில் விழும் அதிர்ச்சியும் குறைவு. ஆனால் மணலில் பாதம் தரையில் நிற்கும் நேரம் கூடிவிடும். வேக ஓட்டத்துக்கு வேண்டியது நேர் எதிர்: பட்டும் படாமல் எடுக்கும் கால். அதனால் மணலிலேயே கிடந்தால் பலம் வரும், வேகம் மழுங்கும். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு 15–20 நிமிடம் போதும். போட்டி வாரத்தில் வேண்டாம்.

அலை தொடும் ஈர மணல் கெட்டியாக இருக்கிறதே என்று அங்கேயே ஓடுவார்கள். அந்த இடம் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் கடல்பக்கக் கால் எப்போதும் பள்ளத்தில்தான் விழும். சில வாரங்களில் முட்டியின் வெளிப்பக்கம் வலிக்கும். போன தூரத்தை அதே கரையில் திரும்பியும் ஓடிவிட்டால் கணக்குச் சரியாகும். குதிகாலுக்கு மேலே இழுத்துப் பிடித்தால் உலர்ந்த மணலை உடனே நிறுத்த வேண்டும். வெறுங்காலோடு ஓடுவதற்கு முன் ஒருமுறை நடந்துபோய் கிளிஞ்சல், கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள்.

கேள்வி: 1984 ஒலிம்பிக்கில் உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கத்தை விட்டார். நெஞ்சை முன்னே தள்ளியிருந்தால் கிடைத்திருக்கும் என்கிறார்கள். அது கோச் சொல்லித்தராத குறையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: குறை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே அந்த லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில்தான். அதுவரை 100, 200, 400 என்று ஓடிக்கொண்டிருந்த உஷாவை ஹர்டில்ஸ் பக்கம் திருப்பியவர் நம்பியார். விரல் விட்டு எண்ணக்கூடிய போட்டி அனுபவத்தோடு போனவர், அரையிறுதியில் 55.54 விநாடியில் முதலாவதாக வந்தார். இறுதிப் போட்டியில் மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கேல் 54.61, அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20, ருமேனியாவின் கோஜோகாரு 55.41, உஷா 55.42.

அந்த ஓட்டத்தின் சராசரி வேகம் விநாடிக்கு 7.2 மீட்டர். அப்படியானால் நூறில் ஒரு பங்கு விநாடி என்பது 7 சென்டிமீட்டர் சொச்சம்; நம் கணக்கில் நாலு விரற்கடை. கோட்டில் பார்ப்பது கழுத்துக்குக் கீழே இடுப்பு வரையுள்ள உடம்பை மட்டும். தலை, கழுத்து, கை, கால் எது முதலில் கடந்தாலும் கணக்கில் வராது.

நெஞ்சு தள்ளுவது சொல்லித்தரக் கூடியதுதான். கடைசிக் காலடி விழும்போது இரண்டு கைகளையும் பின்னே வீசி, தோளை முன்னே கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கெடுவது எங்கே என்றால், கோட்டுக்கு ஐந்து மீட்டர் இருக்கும்போதே குனிந்துவிடுவார்கள். குனிந்த உடம்பில் முட்டி மேலே வராது, காலடி குறுகும், இருந்த வேகமும் போகும். முக்கால் வேகத்தில் வாரம் பத்து முறை பழகினால் போதும். கோட்டோடு நிற்காமல் இன்னும் ஐந்து மீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டு, ஓட்டத்தை அதுவரை இழுக்கச் சொல்லுங்கள்.

முதல் தொடக்கத்தில் தான் நன்றாகக் கிளம்பியதாகவும், இன்னொரு வீராங்கனையின் தவறால் எல்லோரையும் திரும்ப அழைத்தபின் இரண்டாம் முறை சற்றுப் பிந்திவிட்டதாகவும் உஷா சொல்லியிருக்கிறார். ஒலிம்பிக் கிராமத்தில் கஞ்சியும் ஊறுகாயுமே சாப்பாடு என்றும் சொல்லியிருக்கிறார். நாலு விரற்கடை எங்கே தொலைந்தது என்று யார் கண்டது?

அந்த 55.42 தேசிய சாதனையாக 39 வருடம் நின்றது. 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அதே 55.42-ஐத் தொட்டவர் உங்கள் ஊர்ப் பெண், வித்யா ராம்ராஜ்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. ஹர்டில்ஸ் பழகுகிறாள். முட்டியும் கணுக்காலும் அடிபடாத நாளில்லை. இப்போது தடைக்கு முன்னால் வந்து தத்தித் தத்தி நின்றுவிடுகிறாள். விட்டுவிடச் சொல்லலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். முதலில் மைதானத்துக்குப் போய், தடையை எந்தப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதன் அடிக்கால்கள் ஓடிவரும் பிள்ளையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் கால் பட்டதும் தடை முன்பக்கமாகச் சாயும். திருப்பி வைத்தால் தடை சாயாது, பிள்ளைதான் சாயும். பள்ளி விளையாட்டு விழாக்களில் இதனாலும் விபத்து நடக்கும். போட்டித் தடை 10 கிலோவுக்குக் குறையாத எடையில், சுமார் 3.6 முதல் 4 கிலோ விசைக்குச் சாயும்படி செய்திருப்பார்கள். லோக்கல் வெல்டிங் பட்டறையில் அடித்த இரும்புத் தடைக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

அடுத்து, காயம் எங்கே என்று பாருங்கள். பின்னால் வரும் காலின் முட்டி, கணுக்கால் உட்பக்கம் அடிபட்டால் அந்தக் காலைப் பக்கவாட்டில் தூக்காமல் நேராக இழுக்கிறாள் என்று அர்த்தம். முன்காலின் குதிகாலோ கெண்டைக்காலோ பட்டால் எம்பும் இடம் சரியில்லை.

இரும்புத் தடையை ஒரு மாதம் ஓரங்கட்டுங்கள். 30 சென்டிமீட்டர் உயர அட்டைப்பெட்டிகள் பத்து, மெல்லிய மூங்கில் குச்சி ஐந்து. இரண்டு பெட்டிமேல் ஒரு குச்சி. கட்டக்கூடாது, தட்டினால் விழ வேண்டும். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடை 10–11 மீட்டர், பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவே ஐந்தரை மீட்டர். இடையில் மூன்று காலடிதான் விழ வேண்டும். தத்தினால் இடைவெளி அவளுக்குக் குறைவு. எட்டிப் போட்டு இழுத்தால் அதிகம். அரையடி கூட்டியோ குறைத்தோ பாருங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் வைத்துவிட்டு, ஓட வரவில்லை என்று திட்டுவது அநியாயம்.

எம்பும் இடத்துக்கு, அவளுடைய பாதத்தையே ஒன்றோடொன்று ஒட்டவைத்து ஆறு பாதம் அளந்து தடைக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். தாண்டியபின் மூன்று பாதத்துக்குள் கால் ஊன்ற வேண்டும். உயரத்தில் பறந்து தொலைவில் இறங்கினால் அது தாண்டல், ஓட்டமில்லை. பின்காலுக்குத் தனிப் பயிற்சி: தடையின் ஓரமாக நடந்தபடி முட்டியை அக்குள் வரை கொண்டுவந்து, விரல்கள் வெளிப்பக்கம் பார்க்க முன்னே இறக்குவது. பக்கத்துக்குப் பத்து. மூன்று ஓட்டம் ஒரு குச்சிகூட விழாமல் வந்தால் ஐந்து சென்டிமீட்டர் ஏற்றலாம். ஒரு நாளைக்கு 40 தாண்டலுக்கு மேல் வேண்டாம்.

இரண்டு காலிலும் முன்னே தாண்டப் பழக்கிவிடுங்கள். பெண்கள் 400 மீட்டரில் 76.2 சென்டிமீட்டர் உயரத்தில் பத்துத் தடை. முதல் தடைக்கு 45 மீட்டர், நடுவே 35, கடைசியிலிருந்து கோட்டுக்கு 40. நடுவே 15 அல்லது 17 காலடி போட்டால் ஒரே கால் முன்னே வரும். களைத்துப்போய் 16 ஆகிவிட்டால் கால் மாறும். ஒரு காலை மட்டுமே நம்பியவர்கள் அந்த இடத்தில்தான் தத்துவார்கள். வளைவில் இடது கால் முன்னே போவது நல்லது. வலது கால் போனால் பின்னால் வரும் இடது கால் தடைக்கு வெளியே தாழ்ந்து, தகுதி நீக்கம்வரை போகும்.

கேள்வி: சச்சினின் கோச் ஸ்டம்ப் மேல் ஒரு ரூபாய் வைப்பாராமே, பிள்ளைகளுக்கு அப்படிக் காசு காட்டலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: மும்பை சிவாஜி பார்க்கில் ரமாகாந்த் அச்ரேக்கர் செய்தது அது. அவுட் ஆக்குகிற பவுலருக்கு நாணயம். கடைசிவரை அவுட் ஆகாவிட்டால் சச்சினுக்கு. அடித்த ரன்னுக்குக் காசு இல்லை, நின்றதற்குத்தான். அந்த நுணுக்கத்தை விட்டுவிட்டு சிக்ஸருக்குப் பத்து ரூபாய் என்று ஆரம்பித்தால் தூக்கி அடித்தே கெட்டுப்போவார்கள். ஹர்டில்ஸ்காரர்களுக்கும் வேண்டாம், காசைப் பார்த்துக் குனிவார்கள்.

கேள்வி: எங்களுக்குத் தடகளம் கற்றுத்தந்த பி.டி. சாருக்கு 80 வயது. பழைய மாணவர்கள் விழா எடுக்கிறோம். பொன்னாடை, கேடயம் தவிர வேறென்ன செய்யலாம்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நம்பியாருக்கு, கோச்சுகளுக்கான துரோணாச்சார்யா விருது 1985-ல், அந்த விருது தொடங்கிய ஆண்டிலேயே கிடைத்தது. பத்மஸ்ரீ 2021-ல், அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார். உங்கள் சார் இருக்கும்போதே செய்கிறீர்கள், சந்தோஷம்.

அவரிடம் பழைய டைமிங் நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பேர், வருடம், தூரம், நேரம் என்று தட்டச்சு செய்து புத்தகமாகத் தரலாம். ஒரு எச்சரிக்கை: அவையெல்லாம் ஸ்டாப்வாட்ச் நேரம். துப்பாக்கிப் புகையைப் பார்த்துக் கட்டைவிரல் அழுத்துவதில் ஒரு தாமதம் உண்டு. இன்றைய மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24, 400 மீட்டருக்கு 0.14 கூட்ட வேண்டும். 12.4 என்று எழுதியிருந்தால் இன்றைய கணக்கில் 12.64. இதைச் சொல்லாமல் மேடையில் ‘இன்னும் முறியாத சாதனை’ என்று அறிவித்தால் இப்போது படிக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பழைய சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. சின்ன போட்டோக்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் பேர் எழுத மென்மையான பென்சில்தான், பால்பாயின்ட் முன்பக்கம் புடைக்கும்.

சாரைப் பேசவைத்துப் பதிவு செய்வதானால் நாற்பது நிமிடம், இரண்டு மூன்று அமர்வு. போட்டோவைக் கையில் கொடுத்து, ‘இந்த வரிசையில் நிற்கிறவர்கள் யார் சார்?’ என்று தொடங்குங்கள். ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்றால் மேடைப் பேச்சுதான் வரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். முடிந்ததும் அந்தப் பழைய விசிலை ஒருமுறை ஊதச் சொல்லுங்கள். அப்போது மட்டும் போனை அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விடுங்கள், பக்கத்தில் இருந்தால் கரகரவென்றுதான் பதிவாகும்.